சத்தம் வரலையா? ரீஇன்ஸ்டால் பட்டனைத் தொடாதீங்க



இந்த வார எபிசோடில் ஸ்கைரிம் மாட் பற்றிப் பேசும்போது ஒலிப் பிரச்சினையை ரெண்டே நிமிஷத்தில் தாண்டிட்டோம். அதுக்கு இன்னும் கொஞ்சம் இடம் கொடுக்கணும்னு தோணுது. மாட் போட்ட கேமில் ஒரு படம் காணாமப் போனா அந்தப் பொருள் ஊதா நிறத்தில் நிக்கும், கண்ணுக்குத் தெரிஞ்சிடும். ஒலி ஃபைல் காணாமப் போனா எரர் மெசேஜ் கூட வராது. உடனே நம்ம ஆளுங்க எல்லாத்தையும் அழிச்சிட்டு மறுபடி இன்ஸ்டால் பண்ணுவாங்க. அதில் நேரம் போறது ஒரு பக்கம். கையில் இருந்த தடயத்தையும் நாமே துடைச்சுப் போட்டுடறோம், அதுதான் எனக்குப் பிடிக்கலை.

ரவுண்ட் ராக்கில் இருக்கற நமக்கு இது உள்ளூர்க் கதையும் கூட. ஐ-35ல் தெற்கே போனா ஆஸ்டின். அங்கே இருந்த ஆரிஜின் சிஸ்டம்ஸ் 1992ல் அல்டிமா 7 வெளியிட்ட காலத்தில், எந்த சவுண்ட் கார்டு, எந்த போர்ட், எந்த ஐ.ஆர்.க்யூன்னு விளையாடறவங்கதான் கேமுக்குச் சொல்லணும். எரிச்சலான வேலைதான். ஆனா சத்தம் வரலைன்னா எங்கே தேடறதுன்னு தெரியும். இப்போ எல்லாம் தானா நடக்குது, அதனால கெட்டுப்போனா எங்கே கை வைக்கறதுன்னே புரியறதில்லை.

கேம் முழுக்க மௌனம்னா மாட் பக்கம் போகாதீங்க. கேம் ஓட ஆரம்பிச்ச பிறகு ப்ளூடூத் ஹெட்ஃபோன் மாட்டினீங்களா, விண்டோஸில் ஒலி ஃபார்மட் 192000 ஹெர்ட்ஸில் இருக்கா, இந்த ரெண்டையும் பாருங்க. 48000க்கு இறக்கினா பல பேருக்குச் சரியாயிடும்.

ஒரே ஒரு கேரக்டர் மட்டும் ஊமையா இருந்தா கதை வேற. என் சித்தி பையனுக்கு அப்படித்தான் ஆச்சு. கும்பகோணத்திலிருந்து பாட்டி ஆறு மாசம் இங்கே வந்திருந்தப்போ, சத்திரம் நடத்தற அம்மாவா பாட்டியைப் பேச வெச்சு நாற்பது வரி ரெக்கார்ட் பண்ணியிருந்தான். "வாப்பா, சாப்பிட்டியா?"ல ஆரம்பிச்சு, டிராகனைப் பார்த்தா வெளியே போகாதேன்னு திட்டற வரைக்கும். பாட்டி ஊருக்குத் திரும்பிட்டாங்க. கேமில் அந்த அம்மா நிக்கறாங்க, கிட்டே போனா சப்டைட்டில் மின்னல் மாதிரி வந்து மறையுது. குரல் இல்லை.

அந்த மின்னல்தான் தடயம். குரல் ஃபைல் ஓடற நேரம்தான் ஸ்கைரிமில் சப்டைட்டில் நிக்கற நேரம். ஃபைலே கிடைக்கலைன்னா வரி உடனே ஓடிடும். வரி நின்னு, சத்தம் மட்டும் இல்லைன்னா ஃபைல் கிடைச்சிருக்கு, உள்ளே இருக்கறது சரியில்லை. ஒரு எச்சரிக்கை: ஃபஸ் ரோ டோ மாட் போட்டிருந்தா, குரல் இல்லாத வரியையும் அது நிறுத்தி வைக்கும். சோதிக்கறப்போ அதை ஆஃப் பண்ணிடுங்க.

அடுத்து ஒரே ஒரு மாற்று வேலை. கேமில் நல்லாப் பேசற ஏதாவது ஒரு .ஃபஸ் ஃபைலை காப்பி எடுத்து, உங்க ஃபைலோட பேரை அதுக்கு வெச்சு அதே இடத்தில் போடுங்க. குரல் வந்தா உங்க பாதை சரி, கன்வெர்ட் பண்ணதுதான் தப்பு. வரலைன்னா பாதைதான் தப்பு. ஐந்து நிமிஷத்தில் பாதிப் பிரச்சினை காலி.

தம்பிக்கு வரலை, ஆக பாதைதான். வாய்ஸ் ஃபோல்டருக்குள்ளே பிளக்இன் பேரிலேயே ஒரு ஃபோல்டர் இருக்கணும், அதுக்குள்ளே குரல் வகை, அதுக்குள்ளே ஃபார்ம் ஐடி எண்ணோடு ஃபைல். பிளக்இன் பேரை மாத்தினாலும், ஈ.எஸ்.எல். ஆக்கறதுக்காக ஐடிகளைச் சுருக்கினாலும் பழைய குரல் ஃபைல்கள் அனாதை ஆயிடும். அவன் முதல்லே 'பாட்டி'ன்னு தமிழ் எழுத்திலேயே பிளக்இன்னுக்குப் பேர் வெச்சிருந்தான். லோட் ஆகலை. யாரோ சொன்னதைக் கேட்டு இங்கிலீஷ் எழுத்துக்கு மாத்தினான், லோட் ஆச்சு. குரல் ஃபோல்டர் பழைய பேரிலேயே இருந்துச்சு.

இந்த முதல் படிதான் எனக்கு உறுத்தல். கேம் எந்தப் பிளக்இன்களை எடுக்கணும்னு சொல்லற பட்டியல் விண்டோஸ்-1252ங்கற பழைய எழுத்துக் குறியீட்டில் இருக்கு. ஆங்கிலமும் மேற்கு ஐரோப்பிய மொழிகளும் மட்டும் அதில் அடங்கும். ஜப்பானிய மொழிக்கு 932, தாய் மொழிக்கு 874, ரஷ்ய மொழிக்கு 1251ன்னு விண்டோஸில் தனிக் குறியீடுகள் உண்டு. தமிழுக்கு அப்படி ஒண்ணு வரவே இல்லை, நேரா யூனிகோடுதான். 1991லேயே யூனிகோடில் தமிழ் இருக்கு. ஆனா பழைய முறையில் ஃபைலைக் கேட்கற புரோகிராமுக்கு நம்ம எழுத்தெல்லாம் வெறும் கேள்விக்குறி. எக்ஸ்ப்ளோரரில் பேர் அழகாத் தெரியறதால யாருக்கும் சந்தேகமே வராது.

"இங்கிலீஷ்ல பேர் வெச்சுக்கோ" சரியான அறிவுரைதான், நானும் அதையே சொல்வேன். காரணத்தைச் சொல்லாம அதை மட்டும் சொன்னா, பதினாலு வயசுப் பையன் 'இந்த கேமுக்குத் தமிழ் ஆகாது போல'ன்னு மாட்டையே விட்டுடுவான். தம்பி கிட்டத்தட்ட விட்டுட்டான். உண்மையில் குரலுக்கு எந்தக் குறியீடும் தேவையில்லை. .ஃபஸ்ஸுக்குள்ளே ஒலி அலையும் வாய் அசைவும் மட்டும்தான் இருக்கு. அது கும்பகோணத்துத் தமிழா, டெக்ஸஸ் இங்கிலீஷான்னு கேமுக்குக் கவலையே இல்லை. மேலே ஒட்டற லேபிள் மட்டும் ஆங்கில எழுத்தில் இருந்தாப் போதும். தமிழில் மாட் செய்யறவங்க ரீட்மீ ஃபைலில் இந்த ரெண்டு வரியையாவது எழுதி வைக்கணும்னு கேட்டுக்கறேன்.

ஃபோல்டர் பேரை மாத்தினதும் பாட்டி பேசிட்டாங்க. வாய் அசையலை, ஏன்னா அவன் லிப் ஃபைல் இன்னும் செய்யலை. அது அடுத்த எபிசோடுக்கு. ரெக்கார்ட் பண்ணறவங்க மோனோ, 16 பிட், 44100 ஹெர்ட்ஸ் வேவ் ஃபைலா வெச்சுக்கோங்க. .ஃபஸ்ஸுக்கு மாத்தறப்போ தரம் குறையும், அதனால மூல ஃபைலை மாட் ஃபோல்டருக்கு வெளியே ரெண்டு இடத்தில் போட்டு வைங்க. தம்பியோட அந்த நாற்பது வரியும் அதுவரைக்கும் அவன் ஃபோனில் மட்டும்தான் இருந்துச்சு.