ஒரே வருஷம் வாழ்ந்த கண்ணாடி!

இந்த வாரம் நம்ம பக்கத்துல ஒரு பழைய அமெரிக்க இரும்பு. இரும்புன்னு சொன்னா கார் கோச்சுக்கும்... அதோட பாடி முழுக்க ஃபைபர் கிளாஸ்! ஷெவர்லே கார்வெட் ஸ்டிங் ரே. அதுலயும் ரெண்டே ரெண்டு மாடல். 1963, 1964.

முன்பக்கமிருந்து பார்த்தா ரெண்டும் ட்வின்ஸ். அதே கூர்மையான மூக்கு, ஸ்விட்சைப் போட்டா சுழன்று வெளியே வர்ற அதே ஹெட்லைட். ஆனா, பின்னாடி சுத்தி வந்தா கதையே வேற! 63 கூப்பேயின் பின் கண்ணாடிக்கு நடுவுல முதுகெலும்பு மாதிரி ஒரு தடுப்பு. கண்ணாடி இடது, வலதுன்னு ரெண்டு துண்டு. 64-ல் தடுப்பு காலி. ஒரே கண்ணாடி, பளிச்!

இன்னிக்கு ஒரே கண்டிஷன்ல இருக்கிற ரெண்டு கூப்பேயையும் ஏலத்துக்கு விட்டா, 63-க்குத்தான் கூடுதல் விலை. ஆனா, தினம் ஓட்டுறதுக்கு எது நல்ல கார்னு கேட்டா 64. மேட்டரே இங்கதான் ஆரம்பிக்குது.

அந்தத் தடுப்புக்குப் பின்னாடி ஒரு சண்டை இருக்கு. ஒரு பக்கம் பில் மிட்செல். ஜெனரல் மோட்டார்ஸோட ஸ்டைலிங் டிபார்ட்மென்ட் தலைவர். கடலுக்குப் போய் மீன் பிடிக்கிற ஆசாமி. சுறா, திருக்கை மேல அவருக்கு அப்படி ஒரு மோகம். ஸ்டிங் ரேன்னாலே திருக்கைதானே! பானெட் நடுவுல எழும்பற ஒரு மேடு, கூரை வழியா ஓடி வால் வரைக்கும் ஒரே கோடா இறங்கணும், கண்ணாடி வந்துடுச்சேன்னு நடுவுல அறுந்துடக் கூடாதுங்கறது அவரோட பிடிவாதம்.

எதிர்ப்பக்கம் சோரா ஆர்கஸ்-டன்டோவ். ரஷ்யப் பெற்றோருக்கு 1909-ல் பிரஸ்ஸல்ஸில் பிறந்தவர். 1953-ல் நியூயார்க் கண்காட்சியில முதல் கார்வெட்டைப் பார்த்து மயங்கி, அதே வருஷம் ஜெனரல் மோட்டார்ஸ்ல வேலைக்குச் சேர்ந்த இன்ஜினீயர். லெமான் ரேஸ்ல தானே கார் ஓட்டியவர். ஸ்டியரிங் பிடிச்ச ஆளுக்குத் தெரியும்... ரியர் வியூ மிரர்ல நிமிர்ந்து பார்த்தா பின்னாடி வர்ற வண்டி தெரியணும், பட்டையா ஒரு தடுப்பு தெரியக் கூடாது!

63-ல் மிட்செல் ஜெயிச்சார். 64-ல் டன்டோவ் ஜெயிச்சார். ரெண்டே வருஷத்துல மேட்ச் டை.

(ஒரு சின்ன விளக்கம்: அமெரிக்காவுல மாடல் வருஷம் காலண்டரை முந்திக்கிட்டு ஓடும். 63 ஸ்டிங் ரே கடைக்கு வந்தது 1962 இலையுதிர் காலத்துல.)

கண்ணாடியை விட்டுட்டு மத்ததைப் பார்ப்போம். 63-ன் பானெட்ல ரெண்டு காற்று ஜன்னல் மாதிரி கிரில் இருக்கும். பந்தாவா இருக்கும். ஆனா, காத்து போக வழியே கிடையாது, சும்மா டூப்! 64-ல் அதைத் தூக்கிட்டாங்க. கதவுக்குப் பின்னாடி, கூரைத் தூண்ல இருக்கிற வென்ட்டும் 63-ல் வெறும் அலங்காரம்தான். 64 கூப்பேயில அதுக்கு உள்ளே ஃபேன் வெச்சு, நிஜமாவே காத்து போற மாதிரி பண்ணாங்க. ஆனா டிரைவர் பக்கம் மட்டும்! வலது பக்கம் இன்னமும் டூப். அந்த ஐடியாவுக்கு ஓகே சொன்ன மீட்டிங்ல ஒரு ஓரமா உட்கார்ந்து பார்த்திருக்கணும்.

முன் ஸ்பிரிங்கை மாத்தினாங்க. லேசா அழுங்கும்போது மெத்துனும், நல்லா அழுங்கும்போது கெட்டியாவும் நிக்கிற மாதிரி சுத்தின ஸ்பிரிங். சத்தம் உள்ளே வராம இருக்க கூடுதல் இன்சுலேஷன். இன்ஜின் ரெண்டுலயும் அதே 327 கன அங்குல வி-8. ஆனா, ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் வெச்ச டாப் மாடல் 360 ஹார்ஸ்பவர்ல இருந்து 375-க்கு ஏறிச்சு. பிரேக் மட்டும் ரெண்டுலயும் டிரம்தான். நாலு வீலுக்கும் டிஸ்க் பிரேக் வர்றதுக்கு 1965 வரைக்கும் காத்திருக்கணும். இவ்வளவு வேகம் போற காருக்கு இது கொஞ்சம் ஓவர் தைரியம்.

ஆக, பேப்பர்ல எழுதி மார்க் போட்டா 64 எல்லா கேள்விக்கும் விடை எழுதியிருக்கு. அப்புறம் ஏன் 63-க்கு இந்த மவுசு?

அரிதா கிடைக்கிறதாலன்னு பலர் சொல்லுவாங்க. கணக்கு அப்படிச் சொல்லலையே! 63-ல் தயாரான கார் 21,513. அதுல கூப்பே 10,594. 64-ல் மொத்தம் 22,229, அதுல கூப்பே வெறும் 8,304. எண்ணிக்கையில 64 கூப்பேதான் கம்மி! புதுக் கண்ணாடி போட்ட வருஷமே கூப்பே விற்பனை இறங்கி, திறந்த கூரை கன்வர்ட்டிபிள் 10,919-ல இருந்து 13,925-க்கு ஏறியிருக்கு. கண்ணாடிதான் காரணம்னு அடிச்சுச் சொல்ல மாட்டேன். ஆனா, 'பின்னாடி நல்லாத் தெரியுது'ங்கறதுக்காக யாரும் க்யூவுல நிக்கலை.

இதைவிடக் கூத்து ஒண்ணு இருக்கு. 63 வாங்கின சிலர், அடுத்த வருஷ மாடலைப் பார்த்துட்டு, தன் காரோட தடுப்பை அறுத்து எறிஞ்சுட்டு 64 கண்ணாடியை மாட்டிக்கிட்டாங்க. ஃபைபர் கிளாஸ் பாடிங்கறதால அறுக்கறதும் பூசறதும் சுலபம். பழைய காரைப் புதுசாக் காட்டற ஆசை! பின்னாடி காலம் மாறிச்சு. இப்போ ரிப்பேர் பண்றவங்க அதே கார்கள்ல தடுப்பைத் திரும்பக் கட்டி ஒட்டறாங்க. போதாக்குறைக்கு, 63-ஆகப் பிறக்காத கூப்பேக்கும் தடுப்பு வெச்சு 'ஸ்பிளிட் விண்டோ' வேஷம் போடறவங்களும் உண்டு.

என் கட்சி என்னன்னு கேப்பீங்க. டூப் கிரில்லை எடுத்தது சரி. அது காத்து வாங்கற மாதிரி நடிச்சது. ஆனா தடுப்பு எதையும் நடிக்கலை. 'நான் அழகுக்காக நிக்கறேன், உனக்கு இடைஞ்சல்தான்'னு நேராச் சொல்லிட்டு நின்னுச்சு. டன்டோவ் சொன்னது நூத்துக்கு நூறு சரி. ஹைவேல லேன் மாறணும்னா நானும் 64-லதான் உட்காருவேன். ஆனா 64-ஐப் பின்னாடி நின்னு பாருங்க. மூக்குல ஆரம்பிச்ச கோடு கூரையில வந்து தொபுக்குனு விழுந்துடுது. வாக்கியத்தை முடிக்காம எழுந்து போன மாதிரி!

கண்ணாடிச் சண்டையில மறந்தே போகிற விஷயம் ஒண்ணு அடியில இருக்கு. 1962 வரைக்கும் கார்வெட்டுக்குப் பின்னாடி ஒரே கட்டை ஆக்ஸில். ஒரு வீல் பள்ளத்துல இறங்கினா அடுத்த வீலும் சேர்ந்து சாயும். 63-ல் டன்டோவ் டீம் டிஃபரன்ஷியலை ஃபிரேமோட போல்ட் போட்டுட்டு, ஒவ்வொரு வீலும் தனித்தனியா ஏறி இறங்கற இண்டிபெண்டண்ட் சஸ்பென்ஷன் குடுத்தாங்க. ஸ்பிரிங்? லாரியில பார்க்கிறோமே அதே பட்டைதான்! ஆனா நீளவாக்குல இல்லாம, டிஃபரன்ஷியலுக்குக் கீழே குறுக்கா ஒண்ணே ஒண்ணு. வீல்பேஸையும் 102 அங்குலத்துல இருந்து 98-ஆகக் குறைச்சாங்க. கார் வளைவுல திரும்பற விதமே மாறிப்போச்சு. இது 64-லயும் இருக்கு, அதுக்கப்புறம் வந்ததுலயும் இருக்கு. ஒரே வருஷத்துல காணாமப் போகாததாலயோ என்னவோ, இதுக்காக யாரும் ஏலத்துல கையைத் தூக்கறதில்லை.

கடைசியா, கார் ஷோவுக்குப் போற அதிர்ஷ்டசாலிகளுக்கு ஒரு டிப்ஸ். கன்வர்ட்டிபிள்னா கண்ணாடியை வெச்சு வருஷம் கண்டுபிடிக்க முடியாது. பானெட்டைப் பாருங்க. கிரில் இருந்தா 63. கிரில்லைக் காணோம், ஆனா அது உட்கார்ந்திருந்த ரெண்டு பள்ளம் மட்டும் மிச்சம்னா 64. ஆமாம், கிரில்லை எடுத்தாங்களே தவிர பள்ளத்தை மூடலை!

தடுப்பு வெச்ச கூப்பேன்னா கண்ணை நம்பாதீங்க, சீரியல் நம்பரைக் கேளுங்க. 30837-ல ஆரம்பிச்சா 63 கூப்பே. 40837-னா அது 64-ல் பிறந்தது. முதுகுல இருக்கிற தடுப்பு யாரோ பின்னாடி ஒட்டினது.