கார் கழுவக் கற்ற கதை

நாற்பது வயதைக் கடந்த ஒருவர் புதிதாகக் கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது என்று கேட்போருக்கு நாம் இனித் தயங்காமல் விடை கூறுவோம். கார் கழுவக் கற்கலாம். நேயர்கள் நகைக்க வேண்டாம். ஒரு வாளி நீரும் ஒரு துண்டுத் துணியும் இருந்தால் முடிகின்ற காரியத்துக்குக் கல்வி எதற்கு என்றுதான் நாமும் எண்ணியிருந்தோம். அந்த எண்ணம் எமக்கு எவ்வளவு நட்டத்தை உண்டாக்கியது என்பதே இவ்வாரப் பேச்சு.

எம்மிடம் இருப்பது 1953ஆம் ஆண்டுத் தயாரிப்பான ஒஸ்ரின் ஏ-40 சோமசெற் கார். நிறம் கறுப்பு. தபாற் கந்தோரில் எழுதுவினைஞராக இருந்த எம் தந்தையார் 1974இல் அதனைக் கைமாற்றாக வாங்கினார். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடையால் யாழ்ப்பாணத்தில் பெற்றோல் அருமருந்தாகிவிட்ட காலத்தில், கார்புரேற்றரில் சில துளி பெற்றோல் விட்டு இயந்திரத்தை உயிர்ப்பித்து, பின்னர் மண்ணெண்ணெயில் ஓட்டிய வண்டிகளுள் அதுவும் ஒன்று. தந்தையார் காலமான பின் அது எம் பொறுப்பாயிற்று.

அந்தப் பொறுப்பை நாம் நிறைவேற்றிய விதத்தைக் கேளுங்கள். ஞாயிறு காலை பத்து மணிக்கு, வெயில் ஏறிய பின், காரை முற்றத்தில் நிறுத்துவோம். ஒரு வாளி கிணற்று நீரில் உடுப்புத் தோய்க்கும் சவர்க்காரத் தூளைக் கரைப்போம். பழைய பெனியன் ஒன்றைத் தோய்த்து, சில்லில் தொடங்கிக் கூரை வரை ஒரே மூச்சில் தேய்ப்போம். அழுத்தித் தேய்ப்பதே அன்பின் அடையாளம் என்பது எம் கொள்கை. கடைசியில் அது வெயிலிலே தானாக உலரட்டும் என்று விட்டுவிட்டு உள்ளே போய்த் தேநீர் அருந்துவோம். இருபது ஆண்டுகளாகக் கரும்பலகையில் வன்னீர், மென்னீர், காரம், அமிலம் என்று எழுதிவரும் இரசாயன ஆசிரியர் ஒருவரின் வீட்டு முற்றத்தில் இது நடந்தது.

ஒரு நாள் எம் பழைய மாணவர் ஒருவர் வந்திருந்தார். இப்பொழுது கராஜ் வைத்து நடத்துகிறார். வெயிலிலே நின்ற காரின் முன்மூடியை உற்றுப் பார்த்தார். சூரியனின் பிம்பத்தைச் சுற்றிச் சிலந்தி வலை பின்னியதுபோல நூற்றுக்கணக்கான மெல்லிய கீறல்கள் தெரிந்தன.

"இவை எப்படி வந்தன, சேர்?"

"வயதுதான் தம்பி. காருக்கு எழுபது வயதாகிறதல்லவா?"

அவர் சற்றுத் தயங்கினார். பின்பு மிகப் பணிவாக, "வயது கீறாது சேர். கைதான் கீறும்" என்றார்.

அந்த ஒரு வசனம் எம்மை இரவு நித்திரை கொள்ள விடவில்லை.

மாதத்தின் முதல் ஞாயிறு காலை ஆறரை மணிக்கு அவருடைய கராஜின் ஓட்டுக் கொட்டகையில் சிலர் கூடுவதுண்டு. சங்கமன்று, தலைவருமில்லை, சந்தாவுமில்லை. மொறிஸ் மைனர் வைத்திருக்கும் ஓய்வுபெற்ற அதிபர் ஒருவர், கலியாண வீடுகளுக்குப் பழைய கார் ஓட்டும் சாரதி ஒருவர், சிறிய ஜப்பானியக் கார் வைத்திருக்கும் வங்கி உத்தியோகத்தரான அம்மையார் ஒருவர், துவிச்சக்கர வண்டி மட்டுமே உள்ள உயர்தர வகுப்பு மாணவர் இருவர். அவர்களோடு நாமும் சேர்ந்தோம். அங்கே விதி ஒன்றுதான். ஒருவர் கழுவ வேண்டும், மற்றவர்கள் பார்த்துத் தவறு கண்டவுடன் சொல்ல வேண்டும். சொல்பவரின் வயதும் பதவியும் கணக்கில் இல்லை.

முதற் பாடம் பூச்சைப் பற்றியது. இக்காலக் கார்களில் நிறப்பூச்சுக்கு மேலே நிறமற்ற ஒரு கண்ணாடிப் பூச்சு இருக்கிறது. அதன் தடிப்பு ஏறத்தாழ 40 முதல் 50 மைக்குரோன். ஒரு மில்லிமீற்றரின் இருபதில் ஒரு பங்கு என்று சொன்னால் மாணவர்களுக்கு விளங்கும். ஒரு தலைமயிரின் தடிப்புக்கூட இல்லை. எமது காரைப் போன்ற பழைய வண்டிகளுக்கு அந்தக் காப்பும் கிடையாது. வெயிலையும் மழையையும் தாங்குவது நிறப்பூச்சேதான். இப்படிப்பட்ட மெல்லிய தோலின்மேல் மணல் ஒட்டிய துணியைத் தேய்த்தால் என்னாகும்? கந்தையைத்தான் கசக்கிக் கட்டலாம், காரைக் கசக்கலாகாது. கீறல்கள் எல்லாத் திசைகளிலும் கிடக்கின்றன. ஒளியை எம் கண்ணுக்குத் திருப்பிவிடும் கோணத்தில் உள்ளவை மட்டுமே மின்னுவதால், அவை சூரியனைச் சுற்றி வட்டமிடுவதுபோல் தோன்றுகின்றன. இதனையும் எம் மாணவரே எமக்கு விளக்கினார்.

இனி முறையைக் கூறுவோம். வெயிலில் கழுவலாகாது. சூடான தகட்டிலே சவர்க்கார நீர் துடைக்குமுன் உலர்ந்து கறையாகிவிடும். நிழலில் நிறுத்தி, தகடு குளிர்ந்த பின், முதலிலே சில்லுகளைத் தனித் துணியாலும் தனித் தூரிகையாலும் கழுவி முடிக்க வேண்டும். சில்லிலே பிறேக் தேய்ந்த இரும்புத் தூள் இருக்கும். அந்தத் துணி காரின் உடலில் ஒருபோதும் படக்கூடாது. அடுத்து, கையே வைக்காமல் நீரை மட்டும் ஊற்றி, புழுதியும் மணலும் தாமாக வழிந்தோட விட வேண்டும். பாதி வேலை இதிலேயே முடிந்துவிடுகிறது.

அதன் பின்னர் இரண்டு வாளிகள். ஒன்றில் காருக்கென்றே விற்கப்படும், காரம் மிகாத சம்பூ கலந்த நீர். மற்றையதில் வெறும் நீர். துணியைச் சம்பூ நீரில் தோய்த்துக் கூரையில் ஒரு பகுதியை மட்டும், அழுத்தாமல், நேர்கோடாகத் துடைக்க வேண்டும். உடனே வெறும் நீர் வாளியில் அலசி மணலை அங்கே விட்டுவிட்டு, மீண்டும் சம்பூ வாளிக்குப் போக வேண்டும். ஒரே வாளியில் கழுவுபவர் கூரையில் எடுத்த மணலைக் கதவுக்குக் கொண்டுவந்து பூசுகிறார், அவ்வளவே. மேலிருந்து கீழே வரவேண்டும் என்பதற்கும் காரணம் இதுதான். மணல் அதிகம் தங்குவது சில்லுக்கு அண்மையிலுள்ள கீழ்ப்பகுதியில்.

துணியும் பெனியனாக இருக்கலாகாது. மிக நுண்ணிய செயற்கை இழைகளால் நெய்த மைக்கிரோ பைபர் துவாய்கள் இப்போது கடைகளில் கிடைக்கின்றன. அவற்றின் மயிர்போன்ற இழைகள் தூசைத் தம்முள்ளே இழுத்துக்கொள்வதால், அது தகட்டின்மேல் உருள்வது குறைகிறது. அத்துவாய் ஒருமுறை நிலத்தில் விழுந்தால், நன்கு தோய்க்கப்படும் வரை காரைத் தொடும் உரிமையை இழக்கிறது.

இந்த விதி ஒரு நாள் சோதனைக்கு வந்தது. ஓய்வுபெற்ற அதிபர் தமது மொறிஸ் மைனரைத் துடைத்துக்கொண்டிருந்தபோது துவாய் கைநழுவி விழுந்தது. அவர் அதனை எடுத்து உதறிவிட்டு மீண்டும் துடைக்கப் போனார். உயர்தர மாணவர் இருவருள் இளையவர், வகுப்பில் நிற்பதுபோலக் கையை உயர்த்தி, "ஐயா, துவாய் கீழே விழுந்தது" என்றார். கொட்டகையில் எவரும் மூச்சு விடவில்லை. முப்பது ஆண்டுகள் பாடசாலைகளை ஆண்ட மனிதர் அந்தப் பையனைப் பார்த்தார், துவாயைப் பார்த்தார். பின்பு, "நீ சொல்வது சரி" என்று அதனை அவர் கையில் கொடுத்துப் புதியதொன்றைக் கேட்டு வாங்கினார். எம் வகுப்பறையில் ஒரு மாணவன் எமது சமன்பாட்டில் பிழை கண்டு கையுயர்த்தினால் நாம் இவ்வாறு கூறுவோமா என்று அன்று நாம் எம்மையே கேட்டுக்கொண்டோம்.

இனி நீரைப் பற்றி ஒரு வார்த்தை. எமது குடாநாட்டிலே ஆண்டு முழுதும் ஓடும் ஆறு கிடையாது. மாரி மழை சுண்ணாம்புக் கல்லினூடே இறங்கித் தேங்குவதையே கிணறுகளில் அள்ளுகிறோம். அந்த நீர் தகட்டிலே தானாக உலர்ந்தால் கல்சியம் காபனேற்று வெண்புள்ளிகளாகத் தங்கிவிடும். நாம் தேநீர் அருந்திய நேரத்தில் எமது காரிலே நடந்தது அதுதான். ஆகவே கழுவியவுடன் துடைத்து உலர்த்த வேண்டும். பீலியால் வரும் மழைநீரைப் பீப்பாயில் பிடித்துவைத்துக் கடைசியாக அலசுவதற்கு மட்டும் பயன்படுத்தினால், அதில் சுண்ணாம்பு இல்லாமையால் புள்ளி விழாது. குழாயைத் திறந்துவிட்டால் நிமிடத்துக்குப் பத்து லீற்றருக்கு மேல் ஓடிவிடும். வாளிகளால் கழுவினால் நாலைந்து வாளியில் முடித்துவிடலாம். கிணற்றருகே கழுவவும் கூடாது. வெடிப்புள்ள கல்லுக்கு மேலே நாம் ஊற்றும் சவர்க்கார நீர் நாமே குடிக்கும் நீருக்குத் திரும்பி வரும்.

தீவுப் பகுதிகளுக்குப் பண்ணைப் பாலத்தால் சென்று வருவோர், வண்டியின் மேற்புறத்தைவிட அடிப்புறத்தையே முதலில் நல்ல நீரால் அலச வேண்டும். உப்புக் காற்றால் துரு அங்கேதான் தொடங்குகிறது. காகத்தின் எச்சத்தை உலரவிட்டுச் சுரண்டலாகாது. ஈரத் துணியை அதன்மேல் சற்று நேரம் வைத்து ஊறிய பின் எடுக்க வேண்டும். பூசை நாளிலே பூசும் சந்தனத்துக்கும் இதே முறைதான். மினுக்கத்துக்காக மண்ணெண்ணெய்த் துணியால் துடைப்பது பலரின் வழக்கம். அது முன்பு பூசிய மெழுகைக் கரைத்துவிடும். கண்ணாடி ஓரத்து இறப்பரையும் கெடுக்கும். இதனைக் கேட்டதும் எமது சாரதி நண்பர் தம் காரின் பின்பெட்டியிலிருந்து ஒரு போத்தலை எடுத்துச் சத்தமின்றிக் கராஜின் மூலையில் வைத்துவிட்டார்.

மினுக்கத்துக்கு மெழுகுதான் மருந்து. கார் மெழுகிலே சிறந்ததாகக் கருதப்படும் கார்னோபா, பிறேசிலின் வடகிழக்கில் வளரும் ஒரு மரத்தின் ஓலைமேல் படிவது. அது விசிறி ஓலை கொண்ட பனையினத்து மரம். வறண்ட நிலத்தில் தன் ஓலையின் ஈரத்தைக் காப்பதற்கு அம்மரம் பூசிக்கொண்ட மெழுகே எமது காரையும் காக்கிறது என்று கேட்டபோது, பனையோடு வளர்ந்த எமக்கு அது உறவினர் செய்த உதவிபோலத் தோன்றியது.

ஆனால் மெழுகு வேறு, பொலிஷ் வேறு. மெழுகு பூச்சின்மேல் படியும். பொலிஷ் பூச்சை அராவி எடுக்கும். கீறலை மறைப்பதென்பது, கீறலின் அடிவரை சுற்றியுள்ள பூச்சைத் தேய்த்துத் தாழ்த்துவதேயாகும். எமது காரின் முன்மூடியில் ஓர் அங்குல இடத்தில் மாணவர் பொலிஷ் வைத்துக் கையால் தேய்த்துக் காட்டினார். வெள்ளைத் துணி கறுப்பாயிற்று.

"எவ்வளவு அழுக்கு!" என்றோம்.

"அழுக்கு இல்லை சேர். அது பெயின்ற்" என்றார் அவர்.

1986இல் எம் தந்தையார் நின்று பார்த்து அடிப்பித்த பூச்சு அது. அதிலே ஒரு பகுதி அந்தத் துணியில் இருந்தது. விளிம்புகளில் அது ஏற்கெனவே மெலிந்து அடிப்பூச்சுத் தெரியத் தொடங்கியிருப்பதையும் அவர் காட்டினார். பின்பு இடப்பக்கக் கதவைச் சுட்டி, "இந்த நீளக் கீறலை வேண்டுமானால் எடுக்கலாம். ஆனால் ஆழம் அதிகம். இனி ஒருமுறை எடுத்தால் பூச்சில் மிஞ்சுவது மிகக் குறைவு" என்றார்.

அந்தக் கீறல் எம் கையால் வந்ததன்று. 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி வலிகாமம் முழுதும் வீட்டை விட்டு எழுந்து தென்மராட்சிக்கு நடந்த இரவில், நாவற்குழிப் பக்கம் சனநெரிசலில் யாரோ ஒருவருடைய துவிச்சக்கர வண்டியின் கைபிடி இழுத்த கோடு அது. காருக்குள்ளே பாட்டியும் அரிசி மூடையும் இருந்தன. பதினைந்து வயதினரான நாம் வெளியே மழையில் அந்தக் கதவைப் பிடித்தபடி நடந்தோம்.

வீட்டுக்கு வந்து எம் தாயாரிடம் விடயத்தைக் கூறினோம். அவர் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். "அதை ஏன் எடுக்க வேண்டும்? அப்பா ஒவ்வொரு கிழமையும் அதைச் சுற்றித்தானே கழுவினார்" என்றார். அத்தோடு பேச்சு முடிந்தது.

ஆகவே நாம் பொலிஷைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மெழுகை மட்டும் வாங்கினோம். எம் கை செய்த சிலந்தி வலையும் அப்படியே இருக்கிறது. இனி அது பெருகாமல் இருந்தாற் போதும்.

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. அந்த ஏறத்தாழ ஐந்தாண்டுகளில், கையில் இருப்பதைக் காப்பதன் அருமையைப் பல குடும்பங்கள் உணர்ந்தன. பழைய காரோ புதிய காரோ, துவிச்சக்கர வண்டியோ, நேயர்கள் இன்று மாலை ஒரு கைவிளக்கை அதன்மேல் பிடித்துப் பாருங்கள். சிலந்தி வலை தெரிந்தால் வயதைக் குறை கூறாதீர்கள். இரண்டாவது வாளியைத் தேடுங்கள்.

சென்ற ஞாயிறு எமது முறை வந்தது. கதவை நாம் துடைத்தபோது, அந்த இளைய மாணவர் கையுயர்த்தி, "சேர், அந்தக் கோட்டுக்குள் கொஞ்சம் சவர்க்கார நுரை நிற்கிறது" என்றார். நாம் துவாயின் நுனியை மடித்து அதனை ஒற்றி எடுத்தோம்.