படங்களை இணைப்பதும் இணைப்பின் சாட்சியும்

சென்னை அரசாங்கத்தின் போட்டோ நிபுணராயிருந்த லின்னேயஸ் ட்ரைப் என்பவர், 1858ஆம் ஆண்டில் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடிப்பகுதியைச் சுற்றியுள்ள கல்வெட்டுகளைக் காகித நெகடிவ்களில் பகுதி பகுதியாகப் படம் பிடித்தார். அவற்றிலிருந்து எடுத்த 21 படங்களை வரிசையாக ஒட்டி, ஏறக்குறைய 19 அடி நீளமுள்ள ஒரே படமாக்கினார். அவ்வாறு ஒட்டிய தாளில் ஒரு நேர்மை உண்டு. ஒரு படம் முடிந்து அடுத்தது தொடங்கும் விளிம்பு பார்ப்பவர் கண்ணுக்குத் தெரியும். ஐயம் எழுந்தால் அவ்விடத்தை உற்றுநோக்கலாம்.

இன்று அந்த விளிம்பு மறைந்துவிட்டது. கைப்பேசியைச் சுழற்றினால் அகன்ற படம் நொடியில் கிடைக்கிறது. ஆனால் அதற்கு மூலமாயிருந்த தனிப்படங்கள் பொதுவாக எஞ்சுவதில்லை. கம்ப்யூட்டர்த் திரையில் படங்களைக் கையால் நகர்த்திப் பொருத்துவோரும் உளர். அவர்கள் உழைப்பு மெச்சத்தக்கதேயாயினும், அதே வேலையை மறுநாள் அவர்களே திரும்பச் செய்தால் அதே படம் வருமென்று உறுதி கூற இயலாது. ஆவணமாகப் பேணவேண்டிய படத்துக்கு இவ்விரு முறைகளும் ஏற்றவையல்ல. கட்டளை வரியில் இயங்கும் இணைப்புக் கருவிகளையே களப்பணியாளர் கைக்கொள்ள வேண்டும்.

இக்கருவிகளுக்கு அடிப்படை, 1998ஆம் ஆண்டில் ஹெல்முட் டெர்ஷ் என்ற ஜெர்மானியப் பேராசிரியர் வெளியிட்ட நிரல்தொகுதியாகும். அதன் வழித்தோன்றலான ‘ஹியூகின்’ இலவசமாகக் கிடைக்கிறது. அதனுடன் வரும் ‘சிபிஃபைண்ட்’ என்ற கட்டளை, ஒன்றன்மேல் ஒன்று படியும் இரு படங்களில் பொதுவாகத் தோன்றும் புள்ளிகளைத் தேடி இணைகளாக்குகிறது. ‘ஆட்டோஆப்டிமைசர்’ அவ்விணைகளுக்கிடையே எஞ்சும் பிழையின் வர்க்கங்களைக் கூட்டி, அக்கூட்டுத்தொகை மிகக் குறையும்படி ஒவ்வொரு படத்தின் திசையையும் சாய்வையும் கணிக்கிறது. ‘நோனா’ படங்களை அக்கணிப்பின்படி வளைத்தமைக்கிறது; ‘என்பிளெண்ட்’ விளிம்புகளை மறைத்து ஒன்றாக்குகிறது. இந்நான்கையும் ஒரு சிறு கோப்பில் எழுதிவைத்தால், ஓரிடத்தின் படங்களாயினும் ஐம்பது இடங்களின் படங்களாயினும் ஒரே முறையில் நடைபெறும். களைத்த கண்ணும் அவசரமும் அதில் குறுக்கிடா.

ஹைதராபாத்தின் ஏ.எஸ்.ராவ் நகர், 1967ல் தோன்றிய இந்திய எலெக்ட்ரானிக்ஸ் கார்ப்பரேஷனை உருவாக்கிய அய்யகாரி சாம்பசிவ ராவின் பெயரைத் தாங்கிய ஊர்ப்பகுதி. அந்நிறுவனம் அமைத்த 32 மீட்டர் விட்டமுள்ள ஆன்டெனா, பெங்களூரை அடுத்த பியாலாலுவில் நின்று, 2008ல் ஏவப்பட்ட சந்திரயான்-1 அனுப்பிய செய்திகளை வாங்கியது. அவ்விண்கலத்தின் நிலவரைபடக் காமிரா நிலவின் தரையை 20 கிலோமீட்டர் அகலமுள்ள பட்டைகளாகவே பதிவு செய்தது. அத்தகைய பட்டைகளைக் கையால் ஒட்ட எவரும் முனைய மாட்டார். அந்நகருக்கு அண்மையிலுள்ள காப்ரா ஏரியின் கரையில் நின்று ஆண்டுக்கொரு முறை படமெடுக்கும் ஆசிரியருக்கு மட்டும் வேறு நியாயம் எதற்கு?

ஆனால் யந்திரத்தை நம்புவதற்கும் எல்லை உண்டு. ஏரிப் படத்தில் அலையும் மேகமும் ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் இடையே இடம் மாறிவிடும். யந்திரமோ அவற்றிலும் புள்ளிகளைப் பிடித்து, கரையை அதற்கேற்ப நகர்த்திவிடக்கூடும். மேகப் புள்ளிகளை நீக்க ‘சிபிஃபைண்ட்’ கட்டளையிலேயே வழி உண்டு. அலையின் மீதுள்ளவற்றை மனிதனே பார்த்து நீக்கவேண்டும். கரை எதுவரை இருந்தது என்பது நாளை ஒரு வழக்கில் கேள்வியாகக்கூடிய ஏரிகள் இந்நாட்டில் ஏராளம் என்பதை நினைத்தால், இது அற்பக் குறையன்று.

இதனினும் அபாயமானது ஒரேவிதமான உருவங்களின் வரிசை. இராமேசுவரம் கோயில் பிராகாரம் போன்ற இடத்தில் ஒரு தூணும் அடுத்த தூணும் ஏறத்தாழ ஒன்றுபோலிருக்கும். யந்திரம் ஐந்தாம் தூணை ஆறாம் தூணென்று கொண்டுவிட்டால் புள்ளிகள் நன்கு பொருந்தும், சராசரிப் பிழையும் சிறிதாகவே இருக்கும், படம் அழகாக வரும். ஒரு தூண் மட்டும் காணாமற்போயிருக்கும்! பிழை எண் சிறிதாயிருப்பது பொருத்தம் சரி என்பதற்குத் தனிச் சான்றாகாது. தூண்களைக் களத்திலேயே எண்ணிக் குறித்துவந்தவரே அத்தவற்றைக் கண்டுபிடிப்பார்.

ஆகவே, இணைத்த படத்தை மட்டும் அலுவலகத்துக்கு அனுப்பும் வழக்கம் ஒழியவேண்டும். மூலப் படங்களும், பொருத்தக் கணக்கு அடங்கிய ஹியூகின் கோப்பும் உடன் செல்லவேண்டும். அக்கோப்பு சாதாரண எழுத்துக் கோப்பு. எந்தப் படம் எத்தனை பாகை திருப்பப்பட்டது என்பதை எவரும் படித்தறியலாம். ட்ரைப் ஒட்டிய தாளின் விளிம்பு செய்த வேலையை இன்று செய்யக்கூடியது அதுவே. இடம் போதாதென்று மூலப் படங்களை அழிப்பது, அளவைப் புத்தகத்தைக் கிழித்துவிட்டு வரைபடத்தை மட்டும் வைத்துக்கொள்வதை ஒக்கும்.

படமெடுக்கும்போது செய்யும் தவற்றைக் கணக்கு முழுதும் திருத்தாது. சுவரைப் போன்ற தட்டையான பரப்பாயின் காமிரா நகர்ந்து செல்லலாம். திறந்த வெளியில் அது ஓரிடத்திலேயே சுழலவேண்டும். இதனை மாணவர்க்கு விளக்க இரு கம்புகள் போதும். ஒன்றை அருகிலும் மற்றொன்றைத் தொலைவிலும் நட்டு, காமிராவில் அவை ஒரே கோட்டில் தெரியுமாறு நிறுத்திச் சுழற்றுக. கம்புகள் பிரிந்து தெரிந்தால், சுழலும் அச்சு லென்ஸுக்குள் ஒளி புகும் இடத்தின் மையத்தில் அமையவில்லை. முக்காலியின் மேல் காமிராவைச் சிறிது சிறிதாகப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டே வந்தால், கம்புகள் பிரியாத நிலை ஒன்று கிடைக்கும். அவ்விடத்தில் கோடு கிழித்துக்கொண்டு, அடுத்தடுத்த படங்கள் மூன்றிலொரு பங்கு ஒன்றன்மேல் ஒன்று படியுமாறு எடுத்துவரலாம்.