வாந்தியை அடக்குமுன் சில கேள்விகள்

வாந்தி வந்தால் உடனே ஒரு மாத்திரை. வாந்தி நின்றால் நோய் தீர்ந்தது. இப்படித்தான் நம்மில் பலர் எண்ணுகிறோம். இது தவறு என்பதே என் கருத்து. வாந்தி நோயன்று, நோயின் அறிவிப்பு.

சிவகாசி வட்டாரத்தையே எடுத்துக்கொள்வோம். 2012 செப்டம்பர் 5ஆம் நாள் முதலிப்பட்டிப் பட்டாசு ஆலை விபத்தில் 30க்கும் மேற்பட்டோர் மாண்டனர். பலர் தீக்காயங்களோடு மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டனர். கடுமையான தீக்காய வலியைத் தணிக்க மார்ஃபின் போன்ற மருந்துகள் தரப்படுவதுண்டு. மார்ஃபின் வலியைக் குறைக்கும். அதே வேளையில் மூளையின் முகுளத்திலுள்ள வாந்தித் தூண்டல் பகுதியையும் கிளறிவிடும். வெந்த தோல் வழியே ஏற்கெனவே நீரை இழக்கும் உடல், வாந்தியால் மேலும் இழக்கிறது. மயக்கநிலையில் வாந்தி மூச்சுக்குழாயில் புகுந்தால் உயிருக்கே ஆபத்து. எனவே வாந்தியை அடக்கும் மருந்து இங்கே தேவைதான்.

ஆனால் எந்த மருந்து? ஆண்டான்செட்ரான், ஒவ்வொரு துடிப்புக்கும் பின் இதயம் மின்னளவில் மீளும் நேரத்தைச் சற்று நீட்டக்கூடும். இரத்தத்தில் பொட்டாசியம் குறைந்தவருக்கு இதனால் இதயத்துடிப்பே தாறுமாறாகலாம். மெட்டோகுளோபிரமைடு சிலருக்கு, குறிப்பாக இளம் வயதினருக்கு, கழுத்தைத் திருகச் செய்யும். விழிகளை மேலே செருகச் செய்யும். புரோமெதசின் உறக்கம் தரும். மார்ஃபினோடு சேர்ந்தால் மூச்சையும் மந்தமாக்கும்.

பட்டாசுக்குப் பச்சை ஒளி தரும் பேரியம் உப்புகளுக்கு உச்ச நீதிமன்றம் 2018இல் தடை விதித்தது. அத்தகைய பேரியம் நைட்ரேட்டை ஒரு குழந்தை விழுங்கிவிட்டதாக வைத்துக்கொள்வோம். பேரியம் பொட்டாசியத்தை உயிரணுக்களுக்குள் அடைத்துவிடும். இரத்தத்தில் அதன் அளவு குறையும். தொடக்க அறிகுறிகளில் ஒன்று வாந்தி. காரணம் கேளாமல் ஆண்டான்செட்ரான் கொடுத்தால் எச்சரிக்கையும் அடங்கும். இதயத்துக்கும் இரட்டை ஆபத்து.

ஆகவேதான் நல்ல செவிலியர் முதலில் கேட்கிறார்: எப்போது தொடங்கியது? என்ன உண்டார்? வேறு என்ன மருந்து எடுத்தார்? ஒவ்வாமை உண்டா? மருந்து கொடுத்த பின்னும் நாடி, மூச்சு, சிறுநீர் அளவு ஆகியவற்றைக் கவனிக்கிறார். மாற்றம் கண்டால் மருத்துவரிடம் சொல்கிறார். நெரிசலான வார்டில் இதற்கெல்லாம் நேரமேது என்று சிலர் கேட்கலாம். நேரமில்லையென்றால் செவிலியர்களின் எண்ணிக்கையைக் கூட்ட வேண்டும். கேள்விகளைக் குறைக்கக் கூடாது.

மாணவ நண்பர்களே, வீட்டில் யாருக்கேனும் வாந்தி கண்டால் நீங்களாகக் கடைக்கு ஓடி மாத்திரை வாங்காதீர்கள். எப்போது தொடங்கியது, என்ன உண்டார் என்று ஒரு தாளில் குறித்து மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். சரியான மருந்தைத் தேர்ந்தெடுக்க அந்தத் தாள் உதவும்.