வாட்டர்ஹவுஸ் பெண்ணைக் காத்த விதி

பெய்ஜிங் ஒலிம்பிக்கிற்கு ஜமைக்கா அணியைத் தேர்ந்தெடுக்கும் போட்டி 2008 ஜூன் மாத இறுதியில் கிங்ஸ்டன் நகரில் நடந்தது. பெண்கள் 100 மீட்டர் ஓட்டத்தில் முதல் மூன்று பேருக்குத்தான் இடம். கெரான் ஸ்டூவர்ட் முதலில் வந்தார். இரண்டாவதாக வந்தவர், வெளியுலகம் அதிகம் அறியாத 21 வயது ஷெல்லி-ஆன் ஃபிரேசர். ஷெரோன் சிம்ப்சன் மூன்றாவது. முந்தைய ஆண்டுதான் இதே ஓட்டத்தில் உலக சாம்பியனாகியிருந்த வெரோனிகா கேம்ப்பெல்-பிரவுன் நான்காவதாக வந்தார்.

பட்டியல் வந்த கையோடு பேச்சும் கிளம்பியது. நாட்டுக்குப் பதக்கம் முக்கியம், அனுபவமில்லாத பெண்ணை நிறுத்திவிட்டு சாம்பியனை அனுப்பலாமே என்றார்கள். அப்போது அடிபட்டது, இரண்டாவதாக வந்து இடம் பிடித்த ஃபிரேசரின் பெயர்தான்.

அவர் பிறந்து வளர்ந்தது கிங்ஸ்டனின் வாட்டர்ஹவுஸ் பகுதியில். வறுமைக்கும் துப்பாக்கிச் சண்டைக்கும் பேர்போன இடம். ஒற்றை அறையில் தாயும் மூன்று பிள்ளைகளும். தெருவோரத்தில் பொருள் விற்றுப் பிள்ளைகளை வளர்த்த அந்தத் தாயும் ஒரு காலத்தில் ஓட்டக்காரர்தான். ஜமைக்காவில் நம் ஊரைப் போன்ற சாதி இல்லை. ஆனால், அடிமை முறை விட்டுச்சென்ற நிறமும் வர்க்கமும் சேர்ந்த படிக்கட்டு அங்கே உண்டு. ஊர்ப்பெயரைச் சொன்னதும் எதிரில் இருப்பவரின் முகம் மாறுவது எப்படியிருக்கும் என்பதை இந்தப் பத்தியின் வாசகர்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை.

இந்தப் பேச்சு ஜமைக்காவுக்குப் புதிதல்ல. 2000-ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கிற்கான தேர்வில் பீட்டா-கே டவுடி முதலிடம் பெற்றார். மூத்த வீராங்கனை மெர்லின் ஓட்டி நான்காவதாக வந்தார். ஆனால், 100 மீட்டரில் டவுடியின் இடம் ஓட்டிக்குப் போனது. ஒலிம்பிக் கிராமத்திலேயே சக வீரர்கள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். ஓட்டி மீது நமக்கு மதிப்புக் குறைவில்லை. கிராமத்தில் பிறந்த கறுப்பினப் பெண்ணாகப் புறப்பட்டு, ஏழு ஒலிம்பிக் போட்டிகளில் ஓடியவர் அவர். சிட்னியில் நான்காவதாக வந்த அவருக்கு, மரியன் ஜோன்ஸின் பதக்கம் பறிக்கப்பட்ட பிறகு வெண்கலமும் கிடைத்தது. அதைக் காட்டி, அன்றைய முடிவு சரிதான் என்று ஒருவர் வாதிடலாம். ஆனால், டவுடி ஓடியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது இனி யாருக்கும் தெரியப்போவதில்லை. இடம் பறிக்கப்பட்டவரின் கணக்கு எப்போதும் இப்படி எழுதப்படாமலே போய்விடுகிறது.

2008-இல் விதி வளையவில்லை. ஃபிரேசர் பெய்ஜிங் போனார். ஆகஸ்ட் 17 அன்று 10.78 விநாடிகளில் ஓடித் தங்கம் வென்றார். ஒலிம்பிக் 100 மீட்டரில் தங்கம் வென்ற முதல் ஜமைக்கப் பெண் அவரே. ஸ்டூவர்ட்டும் சிம்ப்சனும் ஒரே நேரத்தில் கோட்டைத் தொட்டு வெள்ளியைப் பகிர்ந்துகொண்டார்கள். கேம்ப்பெல்-பிரவுனும் வெறுங்கையுடன் திரும்பவில்லை. தாம் தகுதி பெற்ற 200 மீட்டரில் தங்கம் வென்றார். விதியைக் காப்பாற்றியதால் நாடு எதையும் இழக்கவில்லை.

அடுத்து நடந்ததெல்லாம் வரலாறு. 2012 லண்டனில் மீண்டும் தங்கம். 2009, 2013, 2015, 2019, 2022 என 100 மீட்டரில் ஐந்து உலகப் பட்டங்கள். ஆண்களிலும் இந்த ஓட்டத்தில் ஐந்து முறை வென்றவர் எவருமில்லை. 2010-இல் பல்வலிக்கு எடுத்த மருந்தால் ஆறு மாதத் தடை வந்தது. அதை அனுபவித்துவிட்டுத் திரும்பினார். 2017-இல் மகன் பிறந்தான். பிள்ளை பெற்றவளின் ஓட்டம் முடிந்தது என்று நினைத்தவர்களுக்கு 2019-இல் தோஹாவில் 10.71 விநாடிகளில் பதில் வந்தது. 2022-இல், 35 வயதில், 10.67 விநாடிகளில் ஐந்தாவது பட்டம். 2025-இல் டோக்கியோ உலகப் போட்டியிலும் இறுதிச் சுற்றுவரை ஓடி ஆறாவதாக வந்தார். தொடர் ஓட்டத்தில் வெள்ளியுடன் விடைபெற்றார்.

இதைச் சொன்னவுடன், 'பார்த்தீர்களா, முயன்றால் முடியும்' என்று ஏழைப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கச் சிலர் வருவார்கள். முயற்சியை நாம் மறுக்கவில்லை. ஆனால், அந்தப் பெண் தனியாக ஓடி வரவில்லை. அங்கே பள்ளிகளுக்கிடையேயான தடகளப் போட்டி 1910 முதல் நடந்துவருகிறது. நாடே திரண்டு பார்க்கும் திருவிழா அது. அவர் படித்த வோல்மர்ஸ் பள்ளி 1729-இல் உருவானது. அவருடைய மூதாதையர் விலைக்கு விற்கப்பட்ட காலம் அது. அந்தப் பள்ளியின் முன்னாள் மாணவி ஒருவர் அவருடைய படிப்புச் செலவைத் தாங்கினார். ஓட்டக்காரர்கள் அமெரிக்கா போகாமல் உள்ளூரிலேயே பயிற்சி பெற வேண்டும் என்று ஸ்டீபன் பிரான்சிஸ் உருவாக்கிய கழகம் அவரை ஏற்றுக்கொண்டது. கிங்ஸ்டனின் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் அவர் பட்டமும் பெற்றார். மைதானம், பள்ளி, கட்டணம், பயிற்சியாளர், இவற்றுக்கெல்லாம் மேலே வளையாத ஒரு விதி. இதில் ஒன்று விட்டுப்போயிருந்தாலும் வாட்டர்ஹவுஸில் மற்றொரு பெண்ணாக அவர் தெருவோரத்தில் கடை போட்டிருப்பார்.

அவருக்கே இது தெரியும். அதனால்தான் 2013-இல் அறக்கட்டளை தொடங்கி, விளையாட்டிலும் படிப்பிலும் சிறக்கும் பள்ளிப் பிள்ளைகளுக்கு உதவித்தொகை வழங்கிவருகிறார்.

தகுதி, தகுதி என்று பேசுகிறவர்கள் 2008 ஜூனை நினைத்துப் பார்க்க வேண்டும். தகுதி அன்று கடிகாரத்தில் எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது. அப்படியிருந்தும் பெயர் பெற்றவருக்காகப் பெயரில்லாதவர் விலக வேண்டும் என்ற ஆசை எழுந்தது. தேர்வுப் பட்டியல் எங்கே ஒட்டப்பட்டாலும் இந்த ஆசை எழத்தான் செய்யும். முறைப்படி இடம் பிடித்த பிள்ளையின் பெயரை யாரும் அடிக்காமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு, பட்டியல் போடுகிறவர்களுக்கும் அதைப் படிக்கிற நமக்கும் சேர்த்தே இருக்கிறது.