மானியம் கருணை அல்ல, பங்கு!

தோழர்களே,

பிப்ரவரி 1 நெருங்கிவிட்டது. ஒன்றிய பட்ஜெட்டுக்கு முன்னால் நம் கையில் இருப்பது சில வாரங்கள்தான். திருப்பூரிலும் கோவையிலும் மதுரையிலும் நெல்லையிலும் மாடி அறைகளில் உட்கார்ந்து செயற்கை நுண்ணறிவோடும் தரவுப் பகுப்பாய்வோடும் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும் நாலு பேர், ஆறு பேர், பத்துப் பேர் நிறுவனங்களுக்கு இதை எழுதுகிறேன். படித்துவிட்டு மடித்து வைத்துவிடாதீர்கள். ஆள் வேண்டும், கையெழுத்து வேண்டும், உங்கள் மேசை டிராயரில் கிடக்கும் நிராகரிப்புக் கடிதங்கள் வேண்டும்.

ஒரு கணக்கைப் பாருங்கள். 2024 மார்ச் 7ஆம் தேதி ஒன்றிய அமைச்சரவை இந்தியாஏஐ மிஷனுக்கு ஒப்புதல் கொடுத்தது. ஐந்து ஆண்டுகளுக்கு ரூ.10,372 கோடி. அதில் ஸ்டார்ட்அப் நிதி என்ற தலைப்பில் மட்டும் சுமார் ரூ.1,942 கோடி. முதல் ஆண்டான 2024-25க்கு பட்ஜெட்டில் வைத்தது ரூ.551.75 கோடி. திருத்த மதிப்பீடு வந்தபோது அது ரூ.173 கோடி ஆகியிருந்தது. வைத்த பணத்தில் மூன்றில் ஒரு பங்கைக்கூடச் செலவழிக்க முடியாது என்று அரசின் ஏடே சொல்கிறது. அடுத்த ஆண்டுக்கு ரூ.2,000 கோடி என்று பெரிதாக அறிவித்தார்கள். பணம் இல்லை என்று யாராவது உங்களிடம் சொன்னால், 551ஐயும் 173ஐயும் ஒரு தாளில் எழுதி அவர் முன் வையுங்கள். பணம் இருக்கிறது. அது நம் மாடிப்படி ஏறவில்லை.

எங்கள் கதையைச் சொல்கிறேன். உங்கள் கதையும் கிட்டத்தட்ட இதுதான் என்று எனக்குத் தெரியும்.

நாங்கள் நாலு பேர். நிட்டிங் மெஷினிலிருந்து இறங்கும் துணியில் இருக்கும் பிழையை கேமரா பார்த்துச் சொல்ல வேண்டும், அதுதான் வேலை. பார்க்கச் சின்ன விஷயம். ஊசி ஒன்று லேசாக வளைந்தால் துணியின் நீளம் முழுக்க மயிரிழைக் கோடு ஒன்று ஓடும். வெள்ளைத் துணியில் அது கண்ணுக்கே தெரியாது. சாயம் ஏறின பிறகு பளிச்சென்று தெரியும், அதற்குள் ரோல் ரோலாக வீணாகியிருக்கும். முதல் மூன்று மாதம் எங்கள் நிரல் அந்தக் கோட்டைக் கண்டுபிடிக்கவே இல்லை. நாங்கள் சோதனை நடத்திய மில்லில் டியூப்லைட் வெளிச்சத்தில் செக்கிங் டேபிள் அருகே இருபது வருடமாக நிற்கும் அக்கா ஒருவர்தான் வழி காட்டினார். "தம்பி, கண்ணுல தேடாதீங்க. இப்படிக் கையை வெச்சுப் பாருங்க" என்று என் உள்ளங்கையைப் பிடித்துத் துணியின் குறுக்கே மெதுவாக இழுத்தார். விரல் நுனியில் ஏதோ தட்டியது. அந்தத் தட்டலை வெளிச்சமாக மாற்ற வேண்டும் என்று அப்போதுதான் புரிந்தது. விளக்கை மேலிருந்து எடுத்துப் பக்கவாட்டில், துணியை ஒட்டித் தாழ்வாக வைத்தோம். கோடு நிழலாக எழுந்து நின்றது.

தோழர்களே, ஆராய்ச்சி என்பது அந்த மூன்று மாதம்தான். தோற்ற மூன்று மாதம். அதற்கு யார் பணம் கொடுப்பார்? வங்கி ஈடு கேட்கும். கடன் கொடுத்தாலும், சோதனை தோற்கிற மாதத்தில் தவணை தோற்காது, ஐந்தாம் தேதி வந்து நிற்கும். முதலீட்டாளரிடம் போனால் எத்தனை ஆயிரம் வாடிக்கையாளர், எத்தனை மடங்கு வளர்ச்சி என்று கேட்பார். ஊசிக் கோட்டுக்கு அவரிடம் பொறுமை இல்லை. அவரைக் குறை சொல்லவில்லை, அவர் தொழில் அப்படி. தோற்கவும் இடம் கொடுக்கும் பணம் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. அது பொதுப் பணம்.

மானியம் என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். நம் ஊர்களில் கண்மாய் மடையைத் திறந்து அடைத்த நீர்பாய்ச்சிக்கு மானிய நிலம் இருந்தது. அது பிச்சையாகப் போட்ட நிலம் இல்லை. ஊர் முழுக்க விளைய வேண்டுமானால் ஒருவர் இரவில் மடைக்குக் காவல் நிற்க வேண்டும். அந்த வேலைக்கு ஊர் ஒதுக்கிய பங்கு அது. நாம் கேட்பதும் அதே பங்குதான். தமிழ்ப் பேச்சைப் புரிந்துகொள்ளும் கருவி, வாழை இலையில் நோயைச் சொல்லும் கருவி, துணியில் கோட்டைக் காட்டும் கருவி எல்லாம் ஊருக்கு வேண்டியவை. தலை குனிந்து அலுவலக வாசலில் நிற்காதீர்கள்.

ஏற்கெனவே நமக்கு ஒரு பங்கு சட்டத்தில் இருக்கிறது என்பதை எத்தனை பேர் கவனித்தோம்? குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் சட்டம் 2006இல் வந்தது. அதன் கீழ் 2012இல் பிறந்த கொள்முதல் ஆணைப்படி ஒன்றிய அரசுத் துறைகளும் பொதுத்துறை நிறுவனங்களும் தாங்கள் வாங்குவதில் ஒரு பங்கைக் குறு, சிறு நிறுவனங்களிடம்தான் வாங்க வேண்டும். தொடக்கத்தில் அது 20 சதவீதம், 2018 முதல் 25 சதவீதம். அதற்குள்ளேயே பட்டியல் சாதியினர், பழங்குடியினர் நடத்தும் நிறுவனங்களுக்கு 4 சதவீதம், பெண்கள் நடத்தும் நிறுவனங்களுக்கு 3 சதவீதம். நாற்காலி வாங்கவும் நட்டு போல்ட்டு வாங்கவும் சதவீதம் எழுதிய அரசு, ஆராய்ச்சிப் பணத்தில் நமக்கு எத்தனை சதவீதம் என்று மட்டும் ஏன் எழுதவில்லை?

எழுத முடியும். அமெரிக்கா 1982இல் எழுதியது. அங்கே தேசிய அறிவியல் அறக்கட்டளையில் இருந்த ரோலண்ட் டிபெட்ஸ் என்ற அதிகாரி, சின்ன நிறுவனங்களின் ஆராய்ச்சிக்கென்று 1970களில் ஒரு சோதனைத் திட்டத்தை நடத்திக் காட்டினார். அது வேலை செய்தது. பிறகு எஸ்பிஐஆர் என்ற பெயரில் சட்டமானது. வெளியாருக்கு ஆண்டுக்கு 10 கோடி டாலருக்கு மேல் ஆராய்ச்சிப் பணம் கொடுக்கும் ஒவ்வொரு துறையும் அதில் ஒரு பங்கை, அண்மை ஆண்டுகளில் 3.2 சதவீதத்தை, 500 பேருக்கு மேற்படாத நிறுவனங்களுக்கு ஒதுக்கியே ஆக வேண்டும் என்று அது விதித்தது. யோசனை தேறுமா என்று பார்க்க முதலில் சிறு தொகை, தேறினால் அடுத்த கட்டத்துக்குப் பெருந்தொகை. குவால்காம் முளைவிட்ட காலத்தில் அதற்குக் கிடைத்த தண்ணீரில் இந்தப் பணமும் உண்டு. அதே சட்டத்தின் காலக்கெடு 2025 செப்டம்பர் 30 அன்று முடிந்தது. அந்நாட்டு நாடாளுமன்றம் நேரத்துக்குப் புதுப்பிக்கவில்லை, புதிய மானியங்கள் நின்றன. நாற்பது வருடச் சட்டத்துக்கே இந்தக் கதி என்றால், எழுதப்படாத நம் பங்கு எந்த நிலையில் இருக்கும் என்று யோசியுங்கள்.

இங்கே நல்லது எதுவும் நடக்கவில்லை என்று நான் சொல்ல மாட்டேன். இந்தியாஏஐ மிஷன் வழியாக மணிக்குச் சுமார் ரூ.65க்கு ஜிபியு வாடகைக்குக் கிடைக்கிறது. ஸ்டார்ட்அப் இந்தியா விதை நிதியில், முதல் மாதிரியை நிரூபித்துக் காட்ட ரூ.20 லட்சம் வரை மானியம் தந்திருக்கிறார்கள். தமிழ்நாட்டில் டான்சீட் என்ற மாநில அரசின் விதை நிதி இருக்கிறது, அது பல மாவட்டத்துப் பிள்ளைகளைத் தூக்கிவிட்டிருக்கிறது. ஆனால் மிஷனின் கணக்கைப் பிரித்துப் பாருங்கள். கணினி ஆற்றலுக்குச் சுமார் ரூ.4,563 கோடி. தரவுத் தொகுப்புத் தளத்துக்குச் சுமார் ரூ.200 கோடி. அடுப்பு மலிவாகக் கிடைக்கிறது, அரிசி யார் வாங்குவது? சமைப்பவருக்குக் கூலி யார் கொடுப்பது? செக்கிங் அக்கா ஒவ்வொரு படத்திலும் பிழை எங்கே என்று குறித்துக்கொடுக்க ஒரு நாள் ஆகிறது, அந்த நாளுக்கு அவர் மில் சம்பளத்தை இழக்கிறார். தரவு என்று நாம் சொல்வது அவருடைய அந்த ஒரு நாளைத்தான். எந்த விண்ணப்பப் படிவத்தில் அதற்குக் கட்டம் இருக்கிறது?

இனித் தாமதத்துக்கு வருகிறேன், ஏனென்றால் நம்மில் அதிகம் பேரைக் கொல்வது மறுப்பு அல்ல, தாமதம். எங்களுக்கு ஒரு திட்டத்தில் மானியம் கிடைத்தது. முதல் தவணை வந்தது. வேலையை முடித்து அறிக்கை கொடுத்தோம், ஆடிட்டர் கையெழுத்தோடு பயன்பாட்டுச் சான்றிதழும் கொடுத்தோம். இரண்டாம் தவணை வர ஒன்பது மாதம் ஆனது. ஆறாவது மாதம் எங்களில் ஒருவன், விளக்கைப் பக்கவாட்டில் வைக்கலாம் என்று சொன்ன அதே பையன், பெங்களூருவுக்கு வேலைக்குப் போய்விட்டான். அவன் அம்மாவுக்கு மருந்துச் செலவு இருந்தது. பஸ் ஏற்றிவிட நான்தான் போனேன். பணம் வந்த அன்று அதைக் கொண்டாட எங்களுக்குக் கை ஓடவில்லை.

நாம் ஒரு மில்லுக்குப் பொருள் கொடுத்தால், 2006 சட்டப்படி 45 நாளுக்குள் அவர்கள் பணம் தர வேண்டும். தவறினால் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. தனியாருக்கு அரசு போட்ட அந்த 45 நாள் கெடுவை, ஒப்புக்கொண்ட மானியத் தவணைக்கு அரசு தனக்கும் போட்டுக்கொள்ளட்டும். இதையும் கேட்போம்.

நம்மில் சிலர் சொல்வதும் காதில் விழுகிறது. "அதெல்லாம் ஆள் தெரிஞ்சாத்தான் கிடைக்கும்", "கன்சல்டன்ட் பத்துப் பர்சென்ட் கேக்கறான், குடுத்துட்டா வேலை முடிஞ்சுது." இந்தப் பேச்சு நம்மையே வெட்டும் கத்தி. விண்ணப்பம் எழுதத் தெரியாததால் பத்து சதவீதம் போகிறது என்றால், எழுதத் தெரிந்தவர் தெரியாதவருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். தேறிய விண்ணப்பத்தை ரகசியமாகப் பூட்டி வைத்திருப்பவர்களே, அதை வெளியே எடுங்கள். நான் என்னுடையதைத் தருகிறேன், தோற்ற இரண்டையும் சேர்த்து. தோற்றவற்றில்தான் கற்க அதிகம் இருக்கிறது. முதலாவதில் "உலகத் தரம்" என்று நாலு இடத்தில் எழுதியிருந்தேன், ஊசிக் கோடு பற்றி ஒரு வரிகூட இல்லை.

இப்போது செய்ய வேண்டியது. தகவல் உரிமைச் சட்டத்தில் ஒன்றிய அரசுக்கு மனுப் போட பத்து ரூபாய், பதில் வர வேண்டிய கெடு 30 நாள். செயற்கை நுண்ணறிவு ஆராய்ச்சிக்கு மானியம் வாங்கியவர்களில் குறு நிறுவனங்கள் எத்தனை, மாநிலத் தலைநகரங்களுக்கு வெளியே எத்தனை, விண்ணப்பித்த நாளிலிருந்து முதல் தவணை வர எத்தனை நாள், மறுத்தவர்களுக்குக் காரணம் எழுத்தில் கொடுத்தார்களா என்று கேளுங்கள். ஒருவர் கேட்டால் கோப்பில் தூங்கும், இருநூறு பேர் கேட்டால் தூங்காது. பட்ஜெட் தாக்கலானதும் தகவல் தொழில்நுட்ப அமைச்சகத்தின் மானியக் கோரிக்கையை நாடாளுமன்ற நிலைக்குழு ஆராயும். அமைச்சகமே மன்றத்தின் முன் மானியம் கோரி நிற்கும் நேரம் அது. அந்தக் குழு உறுப்பினர்களின் மேசையிலும் உங்கள் தொகுதி எம்.பி.யின் கையிலும் நம் மனு இருக்க வேண்டும்: ஆராய்ச்சி நிதியில் குறு, சிறு நிறுவனங்களுக்குச் சட்டப்படி ஒரு குறிப்பிட்ட சதவீதப் பங்கு, தவணைக்கு 45 நாள் கெடு. நம் சட்டமன்றத்திலும் துறைவாரியாக மானியக் கோரிக்கை வரும், அதற்கு முன் உங்கள் எம்.எல்.ஏ.வைப் போய்ப் பாருங்கள். வீட்டுக்கே போங்கள். செய்த கருவியைக் கையோடு கொண்டுபோய் இயக்கிக் காட்டுங்கள்.

இந்த ஞாயிற்றுக்கிழமை காலை 10 மணிக்கு திருப்பூரில் எங்கள் மாடியில் கூடுகிறோம். கோவை, ஈரோடு, கரூர், சேலம் தோழர்கள் பஸ்ஸில் வந்துவிடலாம். தென் மாவட்டத்துத் தோழர்கள் அதே நேரத்தில் மதுரையில் கூட ஏற்பாடு செய்யுங்கள், போனில் இணைந்துகொள்வோம். நாற்காலி பத்துதான் இருக்கிறது, பாய் விரிக்கிறோம். செக்கிங் அக்காவும் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். வரும்போது உங்கள் விண்ணப்ப நகல், மறுப்புக் கடிதம், தவணை வந்த தேதி தெரியும் வங்கிப் பாஸ்புக், மூன்றையும் எடுத்து வாருங்கள்.