பத்துக்கு ஒன்பது: காரணம் கேட்கக்கூடாதா?

ஜாக் கேட்டரால் என்ற பெயரை உங்களில் எத்தனை பேர் கேள்விப்பட்டிருப்பீர்களோ தெரியாது. இங்கிலாந்தில் சோர்லி என்ற ஊர்க்காரர். 2022 பிப்ரவரி 26 அன்று ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் ஜோஷ் டெய்லரோடு மோதினார். டெய்லர் ஸ்காட்லாந்துப் பிள்ளை, அரங்கம் முழுக்க அவர் ஆட்கள். 140 பவுண்டு எடைப் பிரிவின் நான்கு உலகப் பட்டங்களும் அப்போது அவர் இடுப்பில். எட்டாவது ரவுண்டில் கேட்டரால் அவரைத் தரையில் விழவைத்தார். பெரும்பாலான ரவுண்டுகளில் அவர் கைதான் ஓங்கியிருந்தது. 12 ரவுண்டு முடிந்து அறிவிப்பு வந்தது: ஒரு ஜட்ஜ் 113-112 கேட்டராலுக்கு, மற்ற இருவரும் 113-112, 114-111 என்று டெய்லருக்கு. பட்டம் நான்கும் டெய்லரிடமே தங்கிவிட்டன.

பிரிட்டிஷ் குத்துச்சண்டை வாரியம் விசாரித்தது. 114-111 கொடுத்த இயன் ஜான்-லூயிஸை ஒரு படி தரம் இறக்கியது. அவ்வளவுதான், முடிவு மாறவில்லை. மறு ஆட்டம் 2024 மே 25 அன்று லீட்ஸில்தான் நடந்தது. மூன்று ஜட்ஜுகளும் கேட்டராலுக்கே கொடுத்தார்கள். ஆனால் அதற்குள் டெய்லரிடம் ஒரு பட்டம்கூட இல்லை. இரண்டேகால் வருஷம் காத்திருந்து ஜெயித்த மனுஷனுக்கு, அன்று ஜெயித்திருந்தால் கிடைத்திருக்க வேண்டிய நாலு பெல்ட்டில் ஒன்றுகூட அந்த மேடையில் இல்லை.

இந்த மாதிரி சமயங்களில் எங்கள் குடியிருப்பில் உள்ள திருநெல்வேலி அண்ணாச்சியின் தீர்ப்பு ரெடியாக இருக்கும். "எல்லாம் துட்டுவே." லாஸ் வேகாஸில் சனிக்கிழமை ராத்திரி என்றால் குர்கானில் ஞாயிறு காலை. இட்லி வேகும் நேரத்தில் பெரிய ஆட்டம் தொடங்கிவிடும். அண்ணாச்சி வந்துவிடுவார். தங்கமணிக்கு இது அறவே பிடிக்காது. விடிந்தும் விடியாமல் வீட்டில் ரத்தமா என்பார். அது வேறு விஷயம்.

அண்ணாச்சி சொல்வதை நான் ஒத்துக்கொள்வதில்லை. துட்டு கை மாறவே மாறாது என்று சொல்ல வரவில்லை. குத்துச்சண்டையின் சரித்திரம் அவ்வளவு சுத்தம் இல்லை. ஆனால் 'துட்டு' என்று சொன்னவுடன் பேச்சு முடிந்துவிடுகிறது. நிரூபிக்கவும் முடியாது, அடுத்த ஆட்டத்தில் எதையும் மாற்றவும் முடியாது. என் கட்சி வேறு. இந்த மதிப்பெண் முறையில் யோக்கியமான ஜட்ஜும் அபத்தமான முடிவைத் தரலாம். ஏன் அப்படிக் கொடுத்தார் என்று யாருக்கும் எழுதித் தர வேண்டியதே இல்லை. எனவே அயோக்கியர் யார், கவனக்குறைவானவர் யார், நமக்குப் புரியாததைப் பார்த்தவர் யார் என்று பிரித்தறிய வழியே கிடையாது.

புதியவர்களுக்காகக் கணக்கைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ரிங்குக்கு உள்ளே நிற்பவர் ரெஃப்ரி. வெளியே மூன்று பக்கம் மூன்று ஜட்ஜுகள் உட்கார்ந்திருப்பார்கள். ஒவ்வொரு ரவுண்டிலும் ஜெயித்தவருக்கு 10, தோற்றவருக்கு 9. ஒருவர் கீழே விழுந்தால் வழக்கமாக 10-8. சமம் என்று 10-10 போடலாம், ஆனால் போடாதே என்றுதான் ஜட்ஜுகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள். ரவுண்டு முடிந்ததும் சீட்டை ரெஃப்ரி வாங்கிக் கொடுத்துவிடுவார், கூட்டல் கடைசியில்.

இதில் எங்கே இடிக்கிறது? ஒரு ரவுண்டில் மூன்று நிமிஷமும் எதிராளியை மூலையில் தள்ளி வெளுத்து வாங்குகிறீர்கள், அவர் விழவில்லை. 10-9. அடுத்த ரவுண்டில் இரண்டு பேரும் சுற்றிச் சுற்றி வந்தீர்கள், அவர் உங்களைவிட இரண்டு குத்து அதிகம் போட்டார். அதுவும் 10-9! நீங்கள் ஐந்து ரவுண்டில் அடித்து நொறுக்கி, அவர் ஏழு ரவுண்டை நூலிழையில் எடுத்தால் 115-113 என்று அவருக்குப் பட்டம். பார்த்தவர்கள் கண்ணுக்கு நீங்கள் ஜெயித்தவர், காகிதத்தில் தோற்றவர். அந்த நூலிழை ரவுண்டுகளில் ஜட்ஜின் மனசு லேசாக எந்தப் பக்கம் சாய்கிறதோ, அங்கேதான் ஆட்டமே தீர்மானமாகிறது.

2012 ஜூன் 9, மேனி பாக்கியாவ் - டிமோத்தி பிராட்லி. குத்துகளை எண்ணும் கம்ப்யூபாக்ஸ் கணக்கில் பாக்கியாவ் 253, பிராட்லி 159. மூன்று ஜட்ஜும் 115-113 என்றே எழுதினார்கள். இருவர் பிராட்லிக்கு, ஒருவர் பாக்கியாவுக்கு. பட்டம் கொடுக்கும் டபிள்யூபிஓ பிறகு ஐந்து பேரைக் கூப்பிட்டு வீடியோவைப் பார்க்கச் சொன்னது. ஐவரும் பாக்கியாவுக்கே கொடுத்தார்கள். ஆனாலும் முடிவை மாற்ற அந்த அமைப்புக்கு அதிகாரமில்லை. அன்று பிராட்லிக்குக் கொடுத்த இருவரில் ஒருவர் சி. ஜே. ராஸ். அடுத்த வருஷமே மேவெதர் - கனெலோ ஆல்வரெஸ் என்ற பிரம்மாண்ட ஆட்டத்துக்கு அவரையே மறுபடி உட்கார வைத்தார்கள். மற்ற இருவரும் மேவெதருக்கு 116-112, 117-111 என்று எழுத, இவர் மட்டும் 114-114. அதற்குப் பிறகுதான் அந்த அம்மாள் ஒதுங்கிக்கொண்டார்.

சரி, குத்தை எண்ணிவிட்டால் போச்சு என்பீர்கள். அவ்வளவு சுலபமில்லை. 2017 ஜூலை 2 அன்று பிரிஸ்பேனில் அதே பாக்கியாவ், உள்ளூர்க்காரர் ஜெஃப் ஹார்னிடம் தோற்றார். கம்ப்யூபாக்ஸ் கணக்கு பாக்கியாவ் 182, ஹார்ன் 92. ஊரே கொதித்தது. ஒரு ஜட்ஜ் 117-111 என்று கொடுத்திருந்தது எனக்கும் அதிகமாகத்தான் பட்டது. ஆனால் டபிள்யூபிஓ இந்த முறையும் ஐந்து பேரைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னது. அவர்கள் கணக்கில் ஹார்னுக்கு ஏழு ரவுண்டு, பாக்கியாவுக்கு ஐந்து. எண்ணிக்கை ஒன்று, அழுத்தம் வேறு. எத்தனை குத்து விழுந்தது என்பதோடு, எவ்வளவு சுத்தமாக விழுந்தது, யார் ஆட்டத்தைத் தன் போக்குக்கு இழுத்தார், யார் தடுத்தார் என்பதையும் ஜட்ஜ் பார்க்க வேண்டும். இந்த நாலில் எதற்கு எத்தனை எடை என்று எங்கேயும் இல்லை. அது ஜட்ஜின் மனசுக்குள் இருக்கிறது. நமக்குத் தெரிவது 10-9 மட்டும்.

எண்ணும் மெஷினையும் பார்த்தாகிவிட்டது. 1988 சியோல் ஒலிம்பிக்ஸ் இறுதி ஆட்டத்தில் அமெரிக்காவின் ராய் ஜோன்ஸ் 86 குத்து போட்டார், கொரியாவின் பார்க் சி ஹுன் 32. தங்கம் 3-2 என்று கொரியருக்குப் போனது. அந்த அவமானத்துக்குப் பிறகு 1992 பார்சிலோனாவில் பொத்தான் அமுக்கும் முறை வந்தது. ஐந்து ஜட்ஜுகளில் மூன்று பேர் ஒரு விநாடிக்குள் அமுக்கினால் ஒரு புள்ளி. குத்துச்சண்டை தொட்டுவிட்டு ஓடும் விளையாட்டாகிவிட்டது. வயிற்றில் விழும் குத்துக்கு யாரும் பொத்தானை அமுக்குவதில்லை என்று புலம்பல். 2013 இல் அதைக் கைவிட்டு அமெச்சூரிலும் பத்துப் புள்ளி முறைக்கே வந்தார்கள். அதன் பலனை நாமும் அனுபவித்தோம். டோக்கியோவில் 2021 இல் மேரி கோம் மூன்றில் இரண்டு ரவுண்டை ஜட்ஜுகளில் பெரும்பான்மையால் ஜெயித்தும் ஆட்டத்தைத் தோற்றாரே, நினைவிருக்கிறதா? முதல் ரவுண்டில் ஐவரில் நால்வர் கொலம்பியாவின் இங்க்ரிட் வலென்சியாவுக்குக் கொடுத்துவிட்டார்கள். ஒவ்வொரு ஜட்ஜின் சீட்டையும் தனித்தனியாகக் கூட்டினால் 3-2 என்று வலென்சியா. கணக்கில் பிழை இல்லை. மேரி கோமோ ஜெயித்துவிட்டோம் என்று நினைத்துக்கொண்டே ரிங்கைவிட்டு இறங்கினார்.

இப்போது செயற்கை நுண்ணறிவு. 2024 டிசம்பரில் ரியாத்தில் உசிக் - ஃப்யூரி மறு ஆட்டத்துக்குச் சோதனையாக ஒரு ஏஐ ஜட்ஜை வைத்தார்கள். மூன்று மனிதர்களும் உசிக்குக்கு 116-112 கொடுக்க, அது 118-112 என்றது. அதற்கும் காரணம் கேட்க முடியாது :-)

இன்னொரு யோசனை, மார்க்கை நடுவிலேயே அறிவித்துவிடுவது. டபிள்யூபிசி ரொம்ப காலமாக இதைச் சொல்கிறது. நாலாவது, எட்டாவது ரவுண்டு முடிந்ததும் ஸ்கோரைச் சொல்லிவிடுவார்கள். பின்தங்கியவருக்கு நிலைமை புரியும், நியாயம்தான். முன்னால் இருப்பவருக்கும் புரியுமே! கடைசி நாலு ரவுண்டு கையைக் கட்டிக்கொண்டு ஓடுவார். உள்ளூர்க்காரர் தோற்கிறார் என்று அறிவித்தால் அரங்கம் ஜட்ஜின் தலைமேல் ஏறி உட்கார்ந்துகொள்ளும். எனக்கு இதில் ஒப்புதல் இல்லை.

நான் கேட்பது இதைவிடச் சின்னது. ஒவ்வொரு ரவுண்டுக்கும் ஏன் என்று ஒரு வரி.

1999 மார்ச் 13, நியூயார்க். லெனாக்ஸ் லூயிஸ் - இவாண்டர் ஹோலிஃபீல்ட். லூயிஸ் 348 குத்து, ஹோலிஃபீல்ட் 130. முடிவு டிரா. யூஜீனியா வில்லியம்ஸ் என்ற ஜட்ஜ் 115-113 என்று ஹோலிஃபீல்டுக்குக் கொடுத்திருந்தார். ஐந்தாவது ரவுண்டில் லூயிஸ் 43 குத்தும் ஹோலிஃபீல்ட் 11 குத்தும் போட்டிருக்க, அந்த ரவுண்டும் ஹோலிஃபீல்டுக்கு! நியூயார்க் மாகாண செனட் கூப்பிட்டு விசாரித்தது. டிவியில் பார்த்தபிறகு அந்த ரவுண்டை லூயிஸுக்கே கொடுத்திருப்பேன் என்று அந்த அம்மாள் சொன்னார். இதில் வேடிக்கை, அந்த ஒரு ரவுண்டை மாற்றினால் அவர் சீட்டு 114-114 ஆகும், இன்னொரு ஜட்ஜின் சீட்டு 115-115, ஆக மொத்தம் அப்போதும் டிராதான். ஆனால் ஊர் முழுக்க வில்லியம்ஸைத் திட்டிக்கொண்டிருந்ததில் 115-115 கொடுத்தவரை யாரும் பெரிதாகக் கேட்கவில்லை.

2017 செப்டம்பர் 16 இலும் இதே கதை. கனெலோ - கோலோவ்கின். அடலெய்ட் பர்ட் கனெலோவுக்கு 118-110 என்று எழுத, அதாவது பன்னிரண்டில் பத்து ரவுண்டு, உலகமே அவர்மேல் பாய்ந்தது. நியாயமான கோபம்தான். ஆனால் கணக்கைப் பாருங்கள். இன்னொருவர் 115-113 கோலோவ்கினுக்கு, மூன்றாமவர் 114-114. அந்த மூன்றாமவர் ஒரே ஒரு ரவுண்டை மாற்றி எழுதியிருந்தால் பர்ட் என்ன எழுதினாலும் கோலோவ்கின் ஜெயித்திருப்பார். சத்தமாகத் தப்பு செய்தவர் மாட்டிக்கொள்கிறார். நூலிழை ரவுண்டில் ஆட்டத்தையே திருப்பியவர் பத்திரமாக வீட்டுக்குப் போகிறார்.

காரணம் எழுத வேண்டும் என்று வைத்தால் இது மாறும். நம் ஆபீஸ் அப்ரைசலை எடுத்துக்கொள்ளுங்களேன். பெல் கர்வ் என்று சொல்லி ரேட்டிங்கைக் குறைக்கும் மேனேஜர்கூட அந்தக் கமென்ட் பெட்டியில் ஏதாவது எழுதியாக வேண்டும். எழுதியது அபத்தமாக இருந்தால் அதை வைத்துச் சண்டை போடலாம். கிரிக்கெட்டில் மூன்றாவது அம்பயர் எதை எந்தக் கோணத்தில் பார்க்கிறார் என்று பேசுவதே நமக்குக் கேட்கிறது. தாலுகா கோர்ட்டு நீதிபதி இரண்டு சென்ட் நிலத்துக்குக் காரணம் எழுதுகிறார். கோடிக்கணக்கான டாலரும் ஒருவன் வாழ்நாள் உழைப்பும் போகும் இடத்தில் இரண்டு எண் போதுமாம்.

அந்த ஜட்ஜுக்குச் சம்பளம் எங்கிருந்து வருகிறது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். பெரும்பாலும் ஆட்டத்தை நடத்தும் புரமோட்டர் கட்டும் பணத்திலிருந்து. பட்டம் தரும் அமைப்புகளுக்கு வருமானம், சண்டை போடுபவர்களின் ஊதியத்தில் பிடிக்கும் சதவீதம். எந்த வீரர் ஜெயித்தால் அடுத்த ஆட்டம் பெரிதாக விற்கும் என்பது அரங்கில் எல்லோருக்கும் தெரியும். கவரே தேவையில்லை அண்ணாச்சி. எப்படியும் எழுதலாம் என்ற ரவுண்டில் கை தானாக அந்தப் பக்கம் போகும், எழுதியவருக்கே அது தெரியாது. அதனால்தான் எழுதிவிட்டு ஏன் என்று சொல்லவும் வேண்டும் என்கிறேன்.

ரவுண்டுக்கு நடுவே இருப்பது ஒரே நிமிஷம், அதில் எங்கே எழுதுவது என்று அண்ணாச்சி கேட்டார். அப்போது வேண்டாம். எண்ணை மட்டும் கொடுக்கட்டும், அது பிறகு மாறக்கூடாது. ஆட்டம் முடிந்து அந்த இரவே, ரிப்ளே பார்ப்பதற்கு முன், டிவிக்காரன் என்ன சொன்னான் என்று காதில் விழுவதற்கு முன், ஓர் அறையில் உட்கார்ந்து பன்னிரண்டு வரி எழுதட்டும். 'ஐந்தாவது ரவுண்டு: என் பக்கத்திலிருந்து லூயிஸின் முதுகுதான் தெரிந்தது' என்று எழுதினாலும் சரி. மறுநாள் ஸ்கோர் கார்டோடு சேர்த்து அதையும் வெளியிடட்டும். நெவாடாவோ பிரிட்டிஷ் வாரியமோ இதை அடுத்த மாதமே ஆரம்பிக்கலாம், புது மெஷின் எதுவும் வாங்க வேண்டியதில்லை. தரம் இறக்குவதா, வேண்டாமா என்று வாரியம் உட்கார்ந்து பேசும்போது அவர்கள் கையிலும் ஒரு காகிதம் இருக்கும். கேட்டரால் மாதிரி ஒருவர் மறு ஆட்டம் கேட்டுக் கதவைத் தட்டும்போது அவர் கையிலும் இருக்கும்.